‘என்ன நிறம்?’ என்று கேட்கக் கூடாதா?

சென்ற திங்கள் நம் வட்டத்தின் கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, கவிஞராகிய நண்பர் ஒருவர் நம்மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தார். நம் இல்லத்துச் சிறுமி, ஏழாம் வகுப்பு மாணவி, கணினியில் நிரல் எழுதக் கற்கிறாள் என்றும், இலைகளின் நிறத்தைக் கணினி அறிந்து சொல்லும்படி ஏதோ செய்ய முயல்கிறாள் என்றும் நாம் சற்றுப் பெருமிதத்தோடு சொன்னதுதான் காரணம். “குழந்தைக்கு நிறம் போதும், எண் எதற்கு? பூவரச இலையை எண்ணாக்குகிறவள் நாளை கவிதையையும் எண்ணாக்குவாள்” என்றார் அவர். உடனிருந்த மற்றொரு நண்பர் கணினித் துறையில் பணிபுரிபவர். அவர் வேறொரு பாதையில் வந்து அதே ஊரைச் சேர்ந்தார்: “அது தொடக்கநிலை மொழிங்க. பிள்ளைகளைக் குழப்பக் கூடாதுன்னுதான் எண்ணையெல்லாம் மறைச்சு வச்சிருக்காங்க.”

கவிதையும் பொறியியலும் இத்தனை எளிதாகக் கைகோத்துக்கொள்ளும் இடங்களில் நமக்குச் சற்று ஐயம் எழுவது வழக்கம். அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறோம். இருவர் கூற்றும் தவறு என்பது நம் கட்சி. தவறு மட்டுமன்று, ஒரு குழந்தையின் கேள்வியைப் பறிக்கும் செயலுக்கு இருவரும் துணைநிற்கிறார்கள் என்பதும் நம் கட்சி.

இம்மொழியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். ஸ்க்ராட்ச் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் பொதுவில் வெளியிட்ட நிரல்மொழி. 2013இல் அதன் இரண்டாம் பதிப்பும், 2019 சனவரியில் மூன்றாம் பதிப்பும் வந்தன. இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அவை வண்ணக் கட்டைகளாகத் திரையில் கிடக்கும். பிள்ளைகள் அவற்றை ‘பிளாக்’ என்பார்கள். எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் உருவாகிவிடும். 480க்கு 360 என்ற அளவில் ஒரு மேடை உண்டு. அதில் நடமாடும் உருவங்களுக்கு ‘ஸ்ப்ரைட்’ என்று பெயர். புதிதாகத் திறந்தால் ஒரு பூனை நின்றுகொண்டிருக்கும்.

கட்டைகளின் வடிவத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆம், இல்லை என்று விடை தருவது அறுகோணக் கட்டை. எண்ணையோ சொல்லையோ விடையாகத் தருவது முனைகள் உருண்ட கட்டை. எந்தக் கட்டை எந்தக் குழியில் பொருந்தும் என்பதை வடிவமே சொல்லிவிடுவதால் எழுத்துப்பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. இவ்வமைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். புணர்ச்சி விதிகளை இப்படிக் கட்டைகளாக்கித் தந்திருந்தால் நம் மாணவர்களில் பாதிப்பேர் நம்மை வெறுக்காமல் இருந்திருப்பார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். இம்மொழியில் உணர்தல் என்றொரு பிரிவு உண்டு. பூனை தன்னைச் சுற்றியுள்ளதை அறிவதற்கான கட்டைகள் அங்கே இருக்கின்றன. நிறத்தைப் பற்றி அங்கிருப்பவை இரண்டே. ஒன்று, “இந்த நிறத்தைத் தொடுகிறதா?” மற்றொன்று, “இந்த நிறம் அந்த நிறத்தைத் தொடுகிறதா?” இரண்டுமே அறுகோணம். “இவ்விடத்தில் உள்ள நிறம் என்ன?” என்று கேட்டு விடை பெறுவதற்கான உருண்ட கட்டை இல்லை. அந்த இல்லாமையைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் சிறுமி செய்ய முயன்றது இது. கொல்லைப்புறப் பூவரசின் இலைகளைப் பல பருவங்களில் படமெடுத்து வைத்திருந்தாள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று தமிழில் இலையின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயருண்டு என்று எப்போதோ நாம் சொன்னது அவள் மனத்தில் தைத்திருக்கிறது. படத்தில் எந்த இடத்தில் பூனையை வைத்தாலும் அவ்விடத்து நிறத்தைப் பார்த்துப் பூனை அந்தப் பருவத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

ஐந்து இலைகளிலிருந்து ஐந்து நிறங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து “தொடுகிறதா?” கட்டைகளில் நிரப்பினாள். பூனையை இலைமேல் வைத்தாள். தளிரைத் தொடுகிறதா? ஆம். இலையைத் தொடுகிறதா? ஆம். பழுப்பைத் தொடுகிறதா? ஆம். பூனையின் உடம்பில் ஏதேனும் ஓர் ஓரம் பட்டால் போதும், விடை ‘ஆம்’ என்றே வரும். பூனையோ பெரியது. எனவே பூனையை நீக்கிவிட்டு ஒரு சிறு புள்ளியை வரைந்து வைத்தாள். இப்போது ஐந்துக்கும் ‘இல்லை’. ஏனெனில் ஒளிப்படத்து இலையில் ஐந்து நிறமல்ல, ஆயிரக்கணக்கான சாயல்கள். அவள் பொறுக்கியெடுத்த ஐந்தும் அந்தப் புள்ளியின் கீழ் இல்லை. “அப்பா, நான் என்ன கலர்னு கேட்கிறேன். அது, இந்தக் கலரா இல்லையான்னு மட்டும் கேளுங்குது” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு நாம் ஓர் ஆண்டுச் சம்பளத்தைத் தருவோம். விடுமுறை வகுப்பு நடத்திய ஆசிரியரிடம் இதையே அவள் கேட்டபோது கிடைத்த விடை வேறு: “ஒளிப்படம் வேண்டாம். ஒரே சீரான பச்சையில் இலையை வரைந்துகொள். அப்போது சரியாக வரும்.” அதாவது, கேள்விக்கேற்பக் கருவியைத் தேடாதே, கருவிக்கேற்ப உலகத்தை மாற்றி வரைந்துகொள்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஓர் இலக்கணச் செய்தி நினைவுக்கு வர வேண்டும். வினா எழுத்துகள் எ, யா, ஆ, ஓ, ஏ என ஐந்து. எகரமும் யாவும் சொல்லின் முதலில் வரும். ஆவும் ஓவும் இறுதியில் வரும். ஏகாரம் இரு பக்கமும் வரும். ‘எது, எந்த, யார், யாது’ என்பன போன்ற முதல்நிலை வினாக்கள் விடையைத் திறந்து வைப்பவை. கேட்பவனுக்கு விடை தெரியாது. எது வந்தாலும் ஏற்க அணியமாக இருக்கிறான். ‘அதுவா, இதுவா’ என்னும் இறுதிநிலை வினாக்களிலோ விடையைக் கேட்பவனே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். பதில் சொல்பவனுக்குத் தலையாட்டும் வேலைதான் மிச்சம். நன்னூல் வினாவை அறு வகையாக்கி, அறிந்து கேட்பதை முதலிலும் அறியாமல் கேட்பதை அடுத்தும் வைத்தது. ஆசிரியர் மாணவரைக் கேட்பது முன்னது. மாணவர் ஆசிரியரைக் கேட்பது பின்னது. “இந்த நிறத்தைத் தொடுகிறதா?” என்ற கட்டையில் நிறத்தைக் குழந்தையே முதலில் நிரப்ப வேண்டும். ஏற்கெனவே அறிந்த நிறத்தைப் பற்றித்தான் அதனால் கேட்க முடியும். அறியாததை அறிவதற்கான வினா, நிறத்தைப் பொறுத்தவரை, இம்மொழியில் இல்லை. குழந்தைகளுக்கென்று செய்த மொழியில் ஆசிரியரின் வினா இருக்கிறது, குழந்தையின் வினா இல்லை. இந்த முரணை நாம் சுட்டாமல் வேறு யார் சுட்டுவது?

இனி, எண் குழந்தையைக் குழப்பும் என்ற வாதம். அதே உணர்தல் பிரிவில் உருண்ட கட்டைகள் எத்தனை இருக்கின்றன என்று கணினி நண்பர் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். சுட்டி நிற்கும் இடத்தின் எண் இருக்கிறது. இன்னோர் உருவம் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்ற எண் இருக்கிறது. ஒலிவாங்கியில் விழும் ஓசையின் உரப்பு எண்ணாக வருகிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை எத்தனை நாள்கள் கடந்தன என்ற எண்ணைத் தரவும் ஒரு கட்டை இருக்கிறது. ஓசையை எண்ணாகப் பெற்றுக் குழம்பாத குழந்தை, நிறத்தை எண்ணாகப் பெற்றால் மட்டும் குழம்பிவிடுமா?

நிறத்திலும் எண்ணை அவர்கள் மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் சிறு பெட்டியைத் திறந்தால் நிறம், செறிவு, ஒளிர்வு என்ற மூன்று நகர்த்திகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். பேனாவின் நிறத்தை எண்ணால் அமைக்கலாம், எண்ணால் கூட்டலாம், குறைக்கலாம். ஆக, எண்ணைக் கொண்டு நிறத்தை எழுத இம்மொழியில் வழியுண்டு. எழுதிய நிறத்தை எண்ணாக வாசிக்க வழியில்லை. எழுதக் கற்பித்து வாசிக்கக் கற்பிக்காத பள்ளிக்கூடம் எங்கேனும் உண்டா?

அதே பெட்டியின் அடியில் ஒரு சொட்டுக்குழாய்ப் படம் இருக்கும். அதை அழுத்திவிட்டு மேடையில் எங்கேனும் தொட்டால், அவ்விடத்து நிறத்தை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆக, மேடையின் நிறத்தை வாசிக்கும் ஆற்றல் மென்பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தையின் விரலுக்கு அது கிடைக்கிறது. குழந்தை எழுதும் நிரலுக்குக் கிடைப்பதில்லை. இயலாமை வேறு, கொடாமை வேறு.

“அப்படியானால் பைதானுக்குப் போகட்டுமே, ஒரே வரியில் முடிந்துவிடும்” என்பது அடுத்து வரும் அறிவுரை. ஒரே வரிதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி இன்று எழுந்திருக்கிறது. மொழி மாறி, தட்டச்சு பழகி, பிழைச்செய்திகளைப் படிக்கக் கற்று அவள் அங்கே சென்று சேரும்போது பூவரசு இருக்கும்; கேள்வி இருக்குமா? தவிர, இது கட்டைமொழி, தட்டச்சு மொழி என்ற வேறுபாட்டால் வந்த குறையும் அன்று. ஸ்க்ராட்சை விரித்தெழுதிய முயற்சியிலிருந்து கிளைத்து வந்த ஸ்நாப் என்ற கட்டைமொழியில், ஓரிடத்தின் நிறத்தைக் கேட்டுப் பெறும் உருண்ட கட்டை இருக்கிறது. ஸ்க்ராட்சுக்கு மூதாதையான லோகோ 1967இல் பிறந்தது. அதன் வழிவந்த மைக்ரோவேர்ல்ட்ஸில், ஆமை தன் காலடியில் உள்ள நிறத்தின் எண்ணைச் சொல்லும். நெட்லோகோவில் ஒவ்வொரு கட்டமும் தன் நிறத்தை எண்ணாகவே வைத்திருக்கிறது. கியூபேசிக்கில் ஒரு புள்ளியின் நிறத்தைக் கேட்க ஒரு சொல் இருந்தது. பாட்டனிடம் இருந்த சொல் பேரனிடம் இல்லை என்றால் அதற்கு எளிமை என்று பெயரிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

லோகோவைப் படைத்தவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், குழந்தைகளுக்கான மொழிக்குத் தரை தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்றார். சுவர்களும் அகலமாக இருக்க வேண்டும் என்று ரெஸ்னிக் சேர்த்தார். அவரவர் விருப்பத்தின் வழியே செல்ல இடம் வேண்டும் என்பது அதன் பொருள். இலையின் மூப்பை அறிய விரும்பும் குழந்தை இவர்கள் கட்டிய வீட்டில் சுவரில்தான் முட்டிக்கொள்கிறது. நாம் வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவரவில்லை. அவர்கள் தந்த அளவுகோலையே வைக்கிறோம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டைகள் பெருகினால் தொடங்குபவர் மிரள்வர் என்பது உண்மை. வரைபடத்தின் விளிம்புகளில் நிறங்கள் கலந்து மங்கும். ஒளிப்படத்தைச் சுருக்கிச் சேமிக்கையில் ஒரே பச்சை பலவாகச் சிதறும். ஆகவே எண்கள் நிலையாக நில்லா என்பதும் உண்மை. இதற்கென்றே மூன்றாம் பதிப்பில் ஒரு தாராளம் வைத்திருக்கிறார்கள். “தொடுகிறதா?” என்று ஒப்பிடுகையில், சிவப்பிலும் பச்சையிலும் எட்டெட்டு அளவுகளை ஒன்றாகவும், நீலத்தில் பதினாறு அளவுகளை ஒன்றாகவும் அது கொள்கிறது. முழு நுணுக்கத்தில் 1,67,77,216 ஆகும் நிறங்கள் இதனால் 16,384 வகைகளாகச் சுருங்குகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தத் தாராளத்தோடேயே விடையையும் சொல்லியிருக்கலாமே? உத்தேசமான விடையைத் தருவதற்குத் தடையென்ன?

அந்த 16,384 என்ற எண்தான் கடைசியில் நம் வீட்டில் உதவிற்று. அவளுடைய பெரியம்மா மகன், பொறியியல் படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு குறுக்குவழியைக் காட்டினான். நிறத்தை நிரப்பும் குழியில் எண்ணையும் இடலாம். சிவப்பின் அளவை 65,536ஆல் பெருக்கி, பச்சையின் அளவை 256ஆல் பெருக்கி, நீலத்தின் அளவையும் கூட்டினால் அந்த எண் வரும். எடுத்துக்காட்டாக, முழுச் சிவப்பு 1,67,11,680. இப்படி ஒவ்வொரு வகையாக இட்டு, “இதைத் தொடுகிறதா? இதைத் தொடுகிறதா?” என்று கேட்டுக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் ‘ஆம்’ வரும். அந்த ‘ஆம்’ வந்த எண்தான் நிறம். புள்ளி ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடும்படி அவள் முதலில் அமைத்திருந்தாள். நொடிக்கு முப்பது என்று கொண்டாலும், கடைசிவரை தேட நேர்ந்தால் ஒன்பது நிமிடம் ஆகும். பிறகு வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தி விரைவாக்கினாள்.

“பார்த்தீர்களா, தடையே கற்பித்துவிட்டது” என்று கணினி நண்பர் இவ்விடத்தில் மகிழ்வார் என்பதை அறிவோம். தடை கற்பிக்கவில்லை ஐயா, அண்ணன் கற்பித்தான். அண்ணன் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அந்த விடுமுறை வகுப்பின் அறிவுரைதான் கிடைத்திருக்கும். வாசல் வைக்காத வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கிய பிள்ளையின் திறமையை மெச்சலாம். அதைக் காட்டி வாசல் வேண்டாம் என்று வாதிடலாமா?

இனிக் கவிஞர் நண்பருக்கு. எண் கிடைத்தபின் நம் சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? பச்சை இலையில் பச்சையின் அளவு சிவப்பைவிட மிகுந்திருப்பதைக் கண்டாள். இலை பழுக்கப் பழுக்கச் சிவப்பு ஏறிவந்து பச்சையை எட்டிப் பிடிக்கிறது. அதைத்தான் நாம் மஞ்சள் என்கிறோம். சருகில் இரண்டுமே தாழ்ந்து, சிவப்பு மேலே நிற்கிறது. அடுத்து இன்னொன்று கண்டாள்: ஒரே இலை திண்ணை நிழலில் ஓர் எண்ணும், முற்றத்து வெயிலில் வேறோர் எண்ணும் தருகிறது. அன்று மாலை முழுதும் ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். நிறம் இலையில் மட்டும் இல்லை, வெளிச்சத்திலும் இருக்கிறது என்பதை அவளுக்கு எந்தக் கவிதையும் சொல்லவில்லை. நிலையாக நில்லாத ஓர் எண் சொல்லிற்று. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று இரண்டையும் அருகருகே வைத்தவர் தொல்காப்பியர். நிறத்தை அனுபவமாகவும் அறியலாம், அளவாகவும் அறியலாம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுப்பது ரசனை ஆகாது, சோம்பல்.

இந்த வழக்கை நாம் இலக்கிய வாசகர் நடுவில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அறுகோணக் கட்டைகள் கணினியில் மட்டும் இல்லை. நாம் பணிபுரியும் வகுப்பறைகளில் ‘சரியா, தவறா’, ‘நான்கனுள் ஒன்றைத் தேர்க’ என்று ஆண்டுதோறும் வினாத்தாள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்; அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சிற்றிதழ்களின் மதிப்புரைகளைப் புரட்டிப் பாருங்கள். இக்கதை முற்போக்கைத் தொடுகிறதா? மண்வாசனையைத் தொடுகிறதா? பின்நவீனத்துவத்தைத் தொடுகிறதா? பெரிய நாவலென்றால் பூனையைப் போல எல்லாவற்றுக்கும் ‘ஆம்’. தனக்கென்று ஒரு சாயல் கொண்ட சிறுகவிதையென்றால் அந்தப் புள்ளியைப் போல எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. நாம் கையில் நிரப்பி வைத்திருக்கும் நிறங்களைத்தான் பிரதியில் தேடுகிறோம். ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்பதை எப்போது நிறுத்தினோம்?

பன்னிரண்டு வயதில் ‘என்ன’ என்று கேட்ட பிள்ளையிடம் ‘இதுவா என்று மட்டும் கேள்’ என்று பழக்கினால், நாற்பது வயதில் அவள் எழுதும் மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும். ஸ்க்ராட்சை நாம் பழிக்கவில்லை. அது இல்லையென்றால் இக்கேள்வியே நம் வீட்டில் எழுந்திராது. அதை ஆக்கியோர் அதில் ஓர் உருண்ட கட்டையைச் சேர்க்க வேண்டும் என்கிறோம். அதுவரை, அக்கட்டை இல்லை என்பதைக் கற்பிப்போர் குழந்தைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்கிறோம். ‘உன் கேள்வி சரியானது, இக்கருவிக்குத்தான் அதற்கு விடை தெரியாது’ என்று சொல்வதற்கு எந்தப் பாடத்திட்டமும் தேவையில்லை.

மறுப்பு எழுத விரும்பும் நண்பர்கள் தாராளமாக எழுதலாம். ‘நீங்கள் கவிதையின் கட்சியா, கணினியின் கட்சியா?’ என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். அது அறுகோணக் கேள்வி.